அறக்குளாவும் அரைக் கரண்டி மஞ்சளும்

போன கிழமை எங்கள் லேப்பில் ஒரு மனிதரின் விரல்கள் மினுங்கின. நான் பயப்படவில்லை. அவர்தான் பயந்துபோனார்.

அவர் பாறூக் நானா. கிண்ணியாவில் மீன் வியாபாரம். நான் வேலை செய்வது திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன லேப்பில். மீனின் புரதத்தைப் பிரித்து, அது என்ன மீன் என்று சொல்வது என் வேலை. இதை இந்தப் பத்திரிகைப் பத்தியில் எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. ஆனாலும் பாலையூற்றில் பஸ் ஏறினால், 'நீங்கள் மீனில கிருமி பாக்கிறவதானே?' என்று யாராவது கேட்காமல் விடுவதில்லை. சரி, விடுங்கள்.

நானா ஐஸ் பெட்டியும் கையுமாக வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"மிஸ், என்ட பேர் கெட்டுப் போச்சு."

விஷயம் இதுதான். கடற்கரைப் பக்கத்து ஹோட்டல் ஒன்றுக்கு அவர் வருஷக்கணக்காக விலை கூடிய அறக்குளா மீன் கொடுக்கிறார். வீட்டிலேயே முள் எடுத்து, துண்டு போட்டு, ஐஸில் அடுக்கி அனுப்புவார். அங்கே புதிதாக வந்த மனேஜர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, 'இது அறக்குளா இல்லை, ஏதோ மலிவு மீன்' என்று அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். மத்தியானத்துக்குள் மீன் சந்தை முழுக்க இதே கதை. நம்ம ஊரில் கதை பரவ வட்ஸ்அப் தேவையா என்ன?

"வாப்பாவும் மீன்தான் வித்தவர், நானும் அதான் விக்கிறன். மலிவுக் கட்டா மீனை வெட்டி அறக்குளா எண்டு குடுக்கிற ஆளா நான்?"

 எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு துண்டை வாங்கி வைத்துக்கொண்டு, சோதித்துத் தருகிறேன் என்றேன்.

செய்வது என்ன பெரிய மந்திரமா? ஒரு மெல்லிய ஜெலித் தகடு. அதை ஜெல் என்போம். அதற்குள் மீனின் புரதத்தை விட்டு மின்சாரம் கொடுத்தால், சின்னப் புரதம் முந்தி ஓடும், பெரியது பின்தங்கும். அறக்குளாவுக்கென்று ஒரு கோட்டு வரிசை விழும், கட்டாவுக்கென்று வேறொன்று. கோடு கண்ணுக்குத் தெரிய சாயம் போட வேண்டும். முன்பு போட்டது நீலச் சாயம். பட்டப்பகலில் யாரும் பார்க்கலாம். இப்போது இருப்பது மினுங்குகிற சாயம். துளிப் புரதம் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கொஞ்சம் கர்வம் பிடித்தது — இருட்டறையில், புறஊதா விளக்கின் மேல் வைத்தால்தான் செம்மஞ்சளாக ஒளிரும். அதிலும் கண்ணாடிப் பாத்திரம் அதற்கு ஒத்துவராது, பிளாஸ்டிக்தான் வேண்டும். அதனால் எங்கள் லேப்பிலேயே விலை கூடிய அந்தச் சாமான் குளிப்பது ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில்!

அடுத்த நாள் விடியவே நானா வந்துவிட்டார். ஐஸ் பெட்டியும் கூடவே வந்தது. எங்கே போனாலும் அதைக் கொண்டு திரிந்தார், பாவம்.

ஜெல்லைத் தூக்கிக் காட்டினேன்.

"இதில ஒண்டுமே இல்லையே, மிஸ்?"

"இருட்டில தெரியும், நானா."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே… சாத்திரம் சொல்கிறவளைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

இருட்டறைக் கதவைச் சாத்தி விளக்கைப் போட்டேன். முதலில் ஒளிர்ந்தது ஜெல் இல்லை, நானாவின் வெள்ளைத் தொப்பியும் சட்டையும்தான். பளீரென்று நீலமாக. 'அல்லாஹ்வே' என்று ஒரு அடி பின்னால் போனார். அது உடுப்புக் கழுவுகிற பவுடரின் வேலை என்று சொல்லி ஆளைத் தேற்றினேன்.

பிறகு ஜெல்லைப் பார்த்தேன். ஒப்பிட்டுப் பார்க்க நானே சந்தையில் வாங்கிப் போட்ட அறக்குளா, கோடு கோடாக அழகாக நின்றது. நானாவின் மீன்? ஈரக்கையால் தடவிய மை மாதிரி ஒரே இழுவை. ஒரு கோடு உருப்படியாக இல்லை.  இந்த மனிதரிடம் என்னத்தைச் சொல்வது?

"இதுவா என்ட?" என்று நானா கையை நீட்டினார். அப்போதுதான் பார்த்தேன். விரல் ஐந்தும் மஞ்சள்பச்சையாக மினுங்கின. ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து விளக்கருகில் பிடித்தேன். மீனும் அதே நிறத்தில் மினுங்கியது.

"நானா, வீட்டில மீனைக் கழுவேக்க என்ன போடுறீங்கள்?"

"நான் எங்க கழுவுற? மனிசிதான். உப்பு, தேசிக்காய், அரைக் கரண்டி மஞ்சள். வெடுக்கு நாத்தம் போகணுமே?"

மஞ்சள் இந்த விளக்கில் தானாகவே ஒளிரும். உப்பும் தேசிக்காய் என்கிற எலுமிச்சையின் புளியும் சேர்ந்தால் மேல்சதையின் புரதம் குலைந்துவிடும். பிறகு எங்கே கோடு விழ?

இருப்பதிலேயே தடித்த துண்டை எடுத்தேன். மஞ்சள் எட்டாத நடுச்சதையைக் கிள்ளி, முதலிலிருந்து எல்லாம் செய்தேன். மறுநாள் இருட்டறையில் இரண்டு வரிசை, பக்கத்தில் பக்கத்தில், கோட்டுக்குக் கோடு அச்சொட்டாக நின்றன. அறக்குளாதான். சந்தேகமே இல்லை. நானா கண்ணைத் துடைத்தார். சும்மா சொல்லக்கூடாது, நானும் துடைத்தேன்.

"அப்ப அந்த மனேஜர் ஏன் மிஸ் அப்பிடிச் சொன்ன?"

"அவர் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ."

"வெள்ளையா இருக்கவேண்டிய மீன் மஞ்சளா இருக்கு எண்டு…" என்றவர் பாதியில் நிறுத்தினார். பழைய மனேஜர் நம்ம ஊர்க்காரர். அவர் வீட்டு மீனும் மஞ்சளில்தான் குளித்திருக்கும். புது ஆளுக்கு இது எங்கே தெரியப்போகிறது? சுத்தம் என்று நாங்கள் செய்கிற காரியமே சில நேரம் எங்களைக் கள்ளராக்கிவிடுகிறது.

ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டே நானா சொன்னார்: "ஹோட்டலுக்கு நான் சொல்லுவன் மிஸ். மனிசிக்கு நீங்க வந்து சொல்லுங்க."

ஹோட்டல் விஷயம் சுகமாக முடிந்தது. மனேஜர் மன்னிப்புக் கேட்டு, திரும்பவும் அறக்குளா கேட்டார் — மஞ்சள் இல்லாமல். சந்தையிலும் கதை அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை நான் கிண்ணியாவுக்குப் போனேன். நானாவின் மனைவி பௌசியா ராத்தா சோறும் மீன் ஆணமும் போட்டுத் தந்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். நானா வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"சரி மிஸ்," என்றார் ராத்தா. "அவருக்குப் போன பேரை லைட்டு அடிச்சு மீட்டுக் குடுத்திட்டீங்க. மஞ்சள் போடாம அனுப்பி, வெடுக்கு மீன் குடுத்தவ எண்டு என்ட பேர் கெட்டா, அதை எந்த லைட்டு அடிச்சு மீட்பீங்க?"

நான் இன்னொரு துண்டு மீன் போடச் சொன்னேன்.