தெரியவில்லை என்றதற்குக் கைகொடுத்தார்கள்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். பிழைகளும் இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

இந்த ஊரில் ஆசிரியர் உள்ளே வந்தால் மாணவர்கள் எழுந்திருப்பதில்லை. தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீயைக் குடித்துக்கொண்டே பாடம் கேட்கிறார்கள். கோலாலம்பூருக்கு வெளியே உள்ள தனியார் பல்கலைக்கழகம் இது. கணினியிலும் கைபேசியிலும் ஓடுகிறவற்றை உருவாக்கக் கற்றுத்தருகிறார்கள். இதன் கேண்டீனில் நான் பரோட்டா போடுகிறேன். இங்கே அதை ரொட்டி சானாய் என்பார்கள்.

சென்ற ஆண்டு ஒருநாள் முதலாளி, "நாளைக்கு மத்தியானம் லேப்புக்குப் போ. உன்னை வச்சு டெஸ்ட் பண்ணணுமாம்" என்றார். அதற்கடுத்த மாதம் என் வேலை பர்மிட் முடிய இருந்தது. தேறாதவனை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தல் காற்றில் சாய்ந்த பிறகுதான் இங்கு வந்தேன். நான் திரும்பினால் மகளின் நர்ஸ் படிப்பு பாதியில் நிற்கும். மனைவியிடம் போனில் சொன்னேன்.

"பரீட்சையா? வாத்தியாரப் பாத்தாலே டவுசர நனைச்சவுகளாச்சே நீங்க!" என்று சிரித்தாள். பிறகு குரல் இறங்கி, "பயப்படாமப் போயிட்டு வாங்க" என்றாள்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். சீன ஆசிரியர் ஒருவரும் மாணவர்கள் சிலரும் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். யாழினி என்ற இந்நாட்டுத் தமிழ் மாணவி, தொட்டால் வேலை செய்யும் கைபேசி ஒன்றைத் தந்தாள். அதில் சாப்பாட்டுப் படங்கள். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு வேண்டுமென்று அதிலேயே கேட்க வேண்டுமாம். எதைத் தொடுவதென்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒருவர் உழைத்துச் செய்ததை முகத்துக்கு நேரே குறை சொல்ல எங்கள் பக்கம் வாய் வராது. கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும், விசாரிக்க வருகிறவரிடம் பிரமாதம் என்போம். "நல்லா இருக்கும்மா" என்றேன். அடுத்த திரைக்கும் அதையே சொன்னேன். அதற்கடுத்ததற்கும். ஆசிரியர் பேனாவை மூடி வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, ஏன் அழறீங்க?" என்றாள் யாழினி.

"பர்மிட்டு போயிருமாம்மா? மக படிச்சுக்கிட்டிருக்கா."

"ஐயோ, பரீட்சை உங்களுக்கு இல்ல லா! நாங்க செஞ்சதுக்குத்தான். எங்க புரியலன்னு நீங்க சொன்னாத்தான் எங்களுக்கு மார்க்கு."

"அப்பன்னா ஒண்ணுமே தெரியலம்மா. எங்கன தொடணும்னே தெரியல."

எல்லாரும் அவசரமாக எழுதினார்கள். அந்தத் திரையைச் செய்த மலாய்ப் பையன் தலையில் கைவைத்துக்கொள்ள, மற்றவர்கள் அவனைக் கேலி செய்தார்கள். ஆசிரியர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து "தேங்க்யூ, தேங்க்யூ" என்றார். தெரியவில்லை என்றதற்காக வெயிலில் முட்டி போடவைத்ததால்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

பர்மிட் வழக்கம்போல் வந்தது. மனைவியை அழைத்தேன்.

"தெரியலன்னதுக்குக் கை குடுத்தாகளா? இங்கன வந்து சொல்லிராதீக, ஒருத்தரும் நம்ப மாட்டாக."

"இன்னும் ஒரு வருசம் இருக்கலாம்" என்றேன்.

"நல்லதுங்க" என்றாள். அவள் தோட்டத்தில் நின்றிருந்தாள். போனில் மோட்டார் தண்ணீர் வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. இன்னொரு காதில் கேண்டீன் தகரத்தின்மேல் இந்த ஊர் மழை.

தைப்பூச விடுமுறை, 2010.