ஐம்பத்தைந்தில் போன பனி ஸ்கூட்டர்

ஸ்பீடோமீட்டர் ரிப்பேர் செய்கிறவனை யாருக்கும் பிடிக்காது. முள் பொய் சொன்னால் திட்டுவார்கள், உண்மை சொன்னால் இன்னும் கொஞ்சம் கூடவே திட்டுவார்கள். டெல்லி கரோல் பாக்கில் மோட்டார் சாமான் விற்கும் சந்து ஒன்றில், தொண்ணூறுகளின் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் நானும் பல்பீரும் சேர்ந்து கடை நடத்தினோம். என்ஜின் வேலை பல்பீருக்கு, மீட்டர் எனக்கு. குமாஸ்தா வீட்டில் பிறந்தும் சர்க்கார் பரீட்சை எழுதாமல் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தவன் என்பதால், என் வேலையில் ஒரு கிலோமீட்டர்கூடப் பிசகக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. வாடிக்கையாளர்களிடம் பேச்சு வாங்கிப் பிழைக்கிறவர்களுக்கு, இந்த வீம்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மெதுவாகிப் போன பைக்

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு செக்‌ஷன் ஆபீசர், நம் ஊர்க்காரர், மீட்டர் முள் ஆடுகிறது என்று பைக்கைக் கொண்டுவந்தார். ஆட்டத்தை நிறுத்தினேன். சோதனை மோட்டாரில் மாட்டிப் பார்த்தால், அறுபதுக்குச் சுற்றவிட்டபோது அது எழுபது காட்டியது. அவர் கேட்காமலே அதையும் சரிசெய்து கொடுத்தேன்.

மூன்றாம் நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். எழுபதில் பறந்த வண்டி இப்போது அறுபதைத் தாண்டவே இல்லையாம், மைத்துனர் முன்னால் மானம் போயிற்றாம். ஆபீஸ் போய்ச் சேர ஒரு நிமிஷமாவது கூடுதலாக ஆகிறதா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நேரமெல்லாம் சரியாத்தான் இருக்கு. பழைய மீட்டர்ல ஒரு சந்தோஷம் இருந்ததே, அதைத் திருப்பிக் கொடுங்க."

டெல்லிக்கு இறங்கிய மீட்டர்

முருகேசன் வந்தது, செயற்கைக்கோள் வழியாக வேகம் சொல்லும் ஜி.பி.எஸ். என்ற பெயரே புதிதாக இருந்த காலம். மதுரைப் பக்கத்துக்காரர், ராணுவத்தில் டிரைவராக இருந்து வெளியே வந்தவர். ஹிமாசல மலையில் ஒரு தனியார் பனி முகாமில், விருந்தாளிகளைப் பனி ஸ்கூட்டரில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவது அவர் வேலை. அதற்குச் சக்கரம் கிடையாது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், அடியில் ஒரு ரப்பர் பட்டை. பட்டை சுழன்று பனியைப் பின்னால் தள்ள, வண்டி முன்னால் போகும்.

விருந்தாளியோடு போனால் நாற்பதைத் தாண்டக்கூடாது என்பது முகாமின் சட்டம். ஒரு நாள் வண்டி சாய்ந்து, பின்னால் இருந்தவர் பனியில் விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. டிரைவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன், முள் ஐம்பத்தைந்தில் நின்றது என்று அவர் புகார் எழுதிவிட்டார். முருகேசனின் சட்டைப்பையில் இருந்த ஜி.பி.எஸ்ஸோ, அன்று போன அதிகபட்ச வேகம் முப்பத்தெட்டு என்றது. மேனேஜர் கன்னா அதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கினார். மீட்டர் கெட்டுப்போனது என்று ரிப்பேர்க் கடைக்காரர் கையெழுத்தோடு காகிதம் வந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. வெள்ளிக்கிழமை வரை கெடு. முருகேசனுக்கோ ஜனக்புரியில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள்.

கழற்றிக் கொண்டுவந்த மீட்டரைத் துணியிலிருந்து பிரித்து என் மேஜைமேல் வைத்தார். "அண்ணே, இது பொய் சொல்லுதுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்ணே."

மீட்டர்மேல் குற்றமில்லை

சோதனை மோட்டாரில் மாட்டினேன். இருபதுக்கு இருபது, நாற்பதுக்கு நாற்பது. மூன்று தரம் பார்த்தேன். என் கடைக்கு வந்ததிலேயே அவ்வளவு யோக்கியமான மீட்டரை நான் கண்டதில்லை. பொய்க் காகிதம் எழுத என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே என்மேல் எனக்கு வெறுப்பாக இருந்தது. பல்பீர் வேறு என்னை முறைத்தார்.

முருகேசன் கோபப்படவில்லை. வேகம் போகவில்லை என்று மட்டும் இன்னொரு தரம் சொன்னார். மீட்டரை மறந்து மேஜைமேலேயே விட்டுவிட்டுக் கிளம்பியவர், வாசலில் நின்று கேட்டார்: "மீட்டரும் சரி, நானும் சரின்னா, அப்ப எதுண்ணே தப்பு?"

ஜனக்புரிச் சேறு

மறுநாள் வியாழன். மீட்டரைக் கொடுக்கிற சாக்கில் ஜனக்புரிக்குப் புறப்பட்டேன். பல்பீர் தன் வேனை எடுத்தார். முந்தின நாள் மழையில், தோண்டிப் போட்டிருந்த சாலை களியாகிக் கிடந்தது. பின்சக்கரம் புதைந்துவிட்டது. நான் இறங்கித் தள்ள, பல்பீர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, சேறு முழுவதும் என் சட்டையில்.

நாலு வார்த்தை திட்டலாம் என்று முன்னால் வந்து ஜன்னலுக்குள் தலையை விட்டேன். ஸ்பீடோமீட்டர் நாற்பது காட்டிக்கொண்டிருந்தது. வேன் ஓர் அங்குலம் நகரவில்லை. மீட்டர் எண்ணுவது சக்கரத்தின் சுற்றை. வண்டி போன தூரத்தை அல்ல. இருபது வயதிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம்தான். முருகேசன் அன்று எந்தப் பனியில் ஓட்டினார் என்று நான் கேட்கவே இல்லை. நடுச்சாலையில் அப்படியே நின்றுவிட்டேன். பல்பீர் பொறுமை இழந்தார். "அரே பாயி, முள்ளை அப்புறம் ரசிக்கலாம், இப்போ ஜல்தி தள்ளு."

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதைக் கேட்டேன். ஏற்றம், அன்று காலை விழுந்த புதுப்பனி, முழங்கால் வரை பொலபொலவென்று இருந்தது என்றார் முருகேசன். பட்டை பிடி கிடைக்காமல் வழுக்கிச் சுழன்றிருக்கிறது. வண்டி சாய்ந்ததும் அதனால்தான். மீட்டர் சொன்னது பட்டையின் வேகம், ஜி.பி.எஸ். சொன்னது வண்டியின் வேகம். இரண்டுமே உண்மை. முதல் நாளே என்னிடம் இதைச் சொல்லியிருக்கக்கூடாதா என்றேன். "நீங்க மீட்டரைத்தானண்ணே விசாரிச்சீங்க" என்றார்.

மேனேஜர் ஓட்டிய ஜீப்

வெள்ளிக்கிழமை கன்னா டெல்லி வந்து, முருகேசனோடு எங்கள் கடைக்கும் வந்தார். நான் எழுதிய காகிதத்தில் மீட்டர் சரி என்றும் இருந்தது, டிரைவர் சரி என்றும் இருந்தது. படித்துவிட்டு, நான் யாரை ஏமாற்றப் பார்க்கிறேன் என்று கேட்டார் கன்னா. அவருடைய ஜீப்பையே கடை வாசலில் நிறுத்தி, முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, பின்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கினோம். வானம் தெரிகிற இடம்தான், ஜி.பி.எஸ்ஸுக்குச் சிக்னல் கிடைக்கும். ஜி.பி.எஸ்ஸை அவர் கையில் கொடுத்து, ஏறி கியர் போட்டு ஓட்டச் சொன்னேன். முள் ஐம்பத்தைந்தைத் தொட்டது. கையில் இருந்த கருவி பூஜ்யம் என்றது. முருகேசன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கன்னா ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். கருவியைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். பிறகு மீட்டரை எடுத்துக்கொண்டு அன்றைக்கே மலை பஸ் பிடிக்கும்படி முருகேசனிடம் சொன்னார். ஒரு கவலை மட்டும் அவருக்குத் தீரவில்லை. டிரைவரை நீக்கிவிட்டதாக அந்த விருந்தாளிக்குக் கடிதம் போட்டாயிற்று, இனி என்னவென்று எழுதுவது? முருகேசன் விறைப்பாக நின்று, ராணுவ இந்தியில் பணிவாகச் சொன்னார்: "நானும் ஐம்பத்தைந்தில் ஓட்டிப் பார்த்தேன், பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று எழுதுங்கள், சாப்."

அதற்குப் பிறகு யார் மீட்டர் கொண்டுவந்தாலும் எங்கே ஓட்டினீர்கள், எப்படி ஓட்டினீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் திறப்பேன். மீட்டரைவிட மனிதர்களிடம்தான் எனக்கு நேரம் அதிகம் போகிறது என்று பல்பீர் கடையை மூடும் வரை முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார்.