முடிக்குழி தப்பிய இடம்

என் கணவருக்கு அரிப்பு என்ற கடற்கரை ஊரில் மீன்பிடித் தொழில். கரையில் வைத்து வள்ளத்தின் இயந்திரத்துக்குப் பெற்றோல் ஊற்றியபோது தீப்பிடித்துக்கொண்டது. இடது முன்கையும், காதுக்கு மேலே தலையின் ஒரு பக்கமும் வெந்துவிட்டன. கை எரிகிறது என்று அலறினார். தலையில் வலி பெரிதாக இல்லை என்றார். அதனால் நான் கையை நினைத்துத்தான் பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும்போது பக்கத்தில் நிற்பேன். ஒருநாள் கையின் சிவந்த புண்ணில் அங்கங்கே வெளிறிய புள்ளிகள் தெரிந்தன.

“சீழ் வைச்சிட்டுதோ, டொக்டர்?” என்று கேட்டேன்.

“இல்லை அக்கா, அது புதுத்தோல்” என்றார் அந்த இளம்பெண் டொக்டர். “முடி முளைக்கிற ஒவ்வொரு குழிக்குள்ளயும் குருத்துக் கலங்கள் எண்டு சின்ன உயிரணுக்கள் இருக்கு. முடி விழவிழத் திரும்ப முளைக்க வைக்கிறது அதுகள்தான். மேல்தோல் எரிஞ்சாலும் ஆழத்தில அதுகள் தப்பிட்டுது. இப்ப ஏறி வந்து தோலாப் பரவுது.”

“அப்ப தலையிலயும் முடி வருமோ?” என்றார் என் கணவர்.

“அங்க குழியோட நரம்பும் எரிஞ்சிட்டுது ஐயா, அதுதான் நோவும் பெரிசா இல்லை. தொடையில தோல் எடுத்து ஒட்டுவம். புண் ஆறும். முடி வராது.”

அவர் சொன்னபடியே நடந்தது. கையில் புள்ளிகள் பெருத்து ஒன்றோடொன்று சேர்ந்து புண்ணை மூடின. சில மாதங்களில் மெல்லிய முடியும் வந்தது. தலையில் ஒட்டிய தோல் வழுவழுவென்று கிடந்தது. என் கணவர் தொப்பி போடத் தொடங்கினார். மாதா கோயிலுக்குள் தொப்பியோடு போக முடியாது. பூசை முடியும்வரை வெளியே நிற்பார்.

பின்னந்தலையில் இருந்து முடியை வேரோடு எடுத்து அந்த இடத்தில் நடலாம், வேரோடு அந்தக் கலங்களும் போவதால் வளரும் என்று டொக்டர் பிறகு சொன்னார். அதற்குக் கொழும்புக்குப் போகவேண்டும்.

“திரும்பவும் கத்தியோ? வேண்டாம்” என்றுவிட்டார் என் கணவர்.

அடுத்த மாதம் அவருடைய தங்கை வந்து, தன் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்கக் கேட்டாள். அவர் எழுந்து வெளியே போனார். சலூனில் இருந்து திரும்பி வந்தபோது தலை முழுவதும் வழித்திருந்தது.

“எப்பிடி இருக்கு?” என்று என்னைக் கேட்டார்.

“தழும்பு நல்லாத் தெரியுது” என்றேன்.

“தெரியட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நின்றார். சிலர் தழும்பைப் பார்த்தார்கள். பிள்ளை அழுததும் பிள்ளையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போது மற்ற இடமெல்லாம் முடி வளர்ந்துவிட்டது. தொப்பியை அவர் திரும்பப் போடவில்லை. ஒட்டிய தோல் வெயில் தாங்காது. கடலுக்குப் போகுமுன் அதில் நான் களிம்பு பூசிவிடுகிறேன்.