வலை முடிச்சுப் போட்ட ஷூ

பழவேற்காடு ஏரியில் ஷூ போட்டுக்கொண்டு இறால் பிடிக்கிற பெண், எனக்குத் தெரிந்து, என் மனைவி கெங்கம்மாள் ஒருத்திதான். அதுவும் சாதாரண ஷூ இல்லை. கும்மிடிப்பூண்டியில் நான் சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற கம்பெனியில் கொடுப்பார்களே, முன்பக்கம் இரும்புக் கவசம் வைத்து, கணுக்கால்வரை லேஸ் கட்டுகிற சேஃப்டி ஷூ, அது. என் ஷூ அவளுக்கு மூன்று சைஸ் பெரிது. அதனால் பேக்கிங்கில் வேலை பார்க்கிற சாராள் அக்காவிடம் கேட்டு, அவருடைய பழைய ஜோடியை வாங்கி வந்தேன். கெங்கம்மாளுக்கு வாய்தான் பெரிது, கால் சின்னது.

எங்கள் குப்பத்தில் ஆண்கள் படகில் போய் வலை போடுவார்கள். கெங்கம்மாள் கையாலேயே பிடிப்பவள். இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனையில் மிதக்கிற பிளாஸ்டிக் குடம். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, கன்னத்தில் தண்ணீர் பட, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவாள். விரலில் இறால் துள்ளியதும் பிடித்துக் குடத்தில் போடுவாள். அந்தக் கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலையே இல்லை. கையும் காலும்தான் எல்லாம். பன்னிரண்டு வயதில் தொடங்கியது, இப்போது நாற்பத்தெட்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்குச் சர்க்கரை வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கால் இரண்டும் மரத்துப்போயின. சூடு தெரியாது, முள் குத்தினால் தெரியாது. போன ஐப்பசியில் சிப்பி ஓடு கிழித்ததும் தெரியவில்லை. நான்கு நாள் கழித்து நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தோம். வலது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி அந்தக் காலில் ஒரு காயம் பட்டால் விரலோடு நிற்காது, பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம், தண்ணீரில் இறங்கவே விடாதீர்கள் என்றார்.

விடாதீர்கள் என்று சொல்வது சுலபம். அந்த அம்மா இவளோடு குடும்பம் நடத்தியதில்லை. புண் ஆறி ஒரு வாரம்கூட ஆகவில்லை, குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் கத்தாத கத்தல் இல்லை. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் கால் இருந்து என்ன பிரயோஜனம் என்று கேட்டாள். அவளிடம் பேசி ஜெயிக்க என்னால் ஆகாது. அதனால்தான் ஷூ.

அதற்கும் ஒரு தடை வந்தது. எங்கள் ஜனங்கள் செருப்புக் காலோடு ஏரியில் இறங்க மாட்டார்கள். எங்களுக்குத் தண்ணீர்தான் சாமி, கங்கம்மா. முதலில் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கால் வைப்போம். என் அக்கா செங்கம்மாள், இவளோடு கூட இறால் பிடிக்கப் போகிறவள், ஷூவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கெங்கம்மாள் அசரவில்லை. இரண்டு ஷூவையும் லேஸால் முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சுத்தமான மணல் பக்கமாக வெறுங்காலோடு இறங்கி, கும்பிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்றபடி தண்ணீருக்குள்ளேயே மாட்டிக்கொண்டாள். கரையிலிருந்து போட்டுக்கொண்டு போனால்தான் குற்றம், உள்ளே போய்ப் போட்டால் அது கங்கம்மா கொடுத்தது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்.

கங்கம்மா ஒத்துக்கொண்டாலும் லேஸ் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்துச் சேறு காலைப் பிடித்து இழுக்கும். பத்து எட்டு வைப்பதற்குள் முடிச்சு தளரும், அப்புறம் கால் மட்டும் மேலே வரும், ஷூ சேற்றிலேயே நிற்கும். கம்பெனியில் சொல்லிக்கொடுத்த மாதிரி இரட்டைச் சுருக்குப் போட்டு, நுனியை உள்ளே செருகக் கற்றுக்கொடுத்தேன். நைலான் லேஸ், நனைந்தால் வழுக்கும். அரைமணிக்கு ஒருமுறை நின்று கட்ட வேண்டியிருந்தது. இறால் பிடிக்கப் போகிறேனா, லேஸ் கட்டப் போகிறேனா என்று அலுத்துக்கொள்வாள். லேஸ் கட்டுவதில்தான் உனக்குக் கைராசி என்று நானும் கிண்டல் செய்வேன்.

சனிக்கிழமை எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். காலையில் வீட்டில் இருந்தேன். பத்து மணிக்கு அக்கா போன் செய்து, உடனே கரைக்கு வா என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. போட்டிருந்த லுங்கியோடு ஓடினேன்.

கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் கெங்கம்மாள் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஷூவின் வெளிப்பக்கத்தில், இரும்புக் கவசம் முடிகிற இடத்துக்குப் பின்னால், ஒரு துருப்பிடித்த ஆணி ஏறியிருந்தது. ஏதோ உடைந்த படகின் ஆணி. அதன் கொண்டையில் நைந்த பலகைத் துண்டு ஒன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே தெரிந்தது கொஞ்சம்தான். மிச்சம் உள்ளே. உள்ளே எதுவரைக்கும் போயிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கால் வைத்திருப்பவளுக்கே தெரியாது.

"இன்னாமே, வலிக்குதா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் முட்டாள்தனம் எனக்கே உறைத்தது.

"வலிச்சா சொல்லமாட்டனா" என்றாள். முகம் வெளுத்திருந்தது.

குத்தியிருப்பதைப் பிடித்து இழுக்கக் கூடாது, ரத்தம் பீறிடும் என்று கம்பெனி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். முதலில் லேஸை அவிழ்த்து ஷூவைத் திறக்க வேண்டும். குனிந்து பார்த்தேன். அங்கே சுருக்கு இல்லை. வலை பின்னும்போது போடுகிற முடிச்சு. அதுவும் ஒன்றில்லை, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று.

வலை முடிச்சை அவிழ்ப்பதற்காக யாரும் போடுவதில்லை. ஒருமுறை போட்டால் அந்த வலை மக்குகிறவரைக்கும் அது இருக்க வேண்டும். தண்ணீரில் ஊற ஊற இறுகும், இழுக்க இழுக்க இன்னும் இறுகும். எங்கள் வீடுகளில் பிறந்த யாருக்கும் கை தானாகப் போடும். ஆனால் எவளாவது அதை ஷூவில் போடுவாளா? வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

நகத்தால் நெம்பினேன், பல்லால் கடித்தேன். அசையவில்லை. அக்கா ஓடிப்போய் வலை அறுக்கிற கத்தியைக் கொண்டுவந்தாள். அதை வாங்கி லேஸுக்கு அடியில் கொடுத்தேன். ஒவ்வொரு துளையாக அறுத்து வந்தேன். ஷூவின் வாய் மெல்லத் திறந்தது. உள்ளேயிருந்து சேற்றுத் தண்ணீர் வழிந்தது. கருஞ்சேறு. அதில் ரத்தம் கலந்திருந்தாலும் தெரியாது.

அக்கா முழங்காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். நான் ஷூவை அப்படியே அசையாமல் வைத்துக்கொண்டு, குதிகாலைப் பிடித்து மெதுவாகப் பின்னுக்கு இழுத்தேன். கால் வந்தது. ஆணி ஷூவிலேயே நின்றது. உள்ளே ஒரு விரல்கடை நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது, சுண்டுவிரல் இருந்திருந்தால் நேராக அதில் ஏறியிருக்க வேண்டிய இடத்தில். எடுத்துவிட்ட விரலின் காலி இடத்தில் போய் நின்றிருக்கிறது பாவி ஆணி.

கெங்கம்மாள் காலைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பி, அக்காவின் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"காயம் இருக்குதா?" என்றாள்.

"இல்லமே."

"நல்லா பாரு. அடியில பாரு. வெரல் சந்துல எல்லாம் பாரு."

பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். லுங்கி நுனியால் துடைத்தேன். தண்ணீரில் ஊறி வெளுத்து, சுருங்கிப்போன பாதம். விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அப்பாடா என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நேரம் மூச்சை எங்கே வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. கங்கம்மா, சாராள் அக்கா, டாக்டரம்மா, யார் யாருக்கோ மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

மூச்சு திரும்பி வந்ததும் கோபமும் வந்தது. வலை முடிச்சைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தேன். அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நேத்து ஷூ கழண்டுக்கினது எனக்குத் தெரிலய்யா" என்றாள். "கரைக்கு ஏறி வர்றப்போ ஒங்கக்காதான் கேட்டுது, எங்கடி ஒரு ஷூ காணோம்னு. குனிஞ்சி பாத்தா வெறுங்காலு. எவ்ளோ நேரமா அப்டியே நடந்துக்கினு இருந்தேனோ. கால்ல ஷூ இருக்குதா இல்லியான்னே தெரியாதவளா பூட்டேன். அதான் இன்னிக்கி கழலவே கூடாதுன்னு அந்த முடிச்சப் போட்டேன்."

தொலைந்த ஷூவை ஒரு மணி நேரம் சேற்றில் தடவித் தேடி எடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லக் கூடாது என்று அக்காவிடம் சத்தியமும் வாங்கியிருக்கிறாள். சிப்பி ஓடு குவிந்து கிடக்கிற சேறு அது. அதில் வெறுங்காலோடு நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு கட்டிக் கொடுத்தவள், தன் காலைப் பார்க்கப் பயந்து சேலைக்குள் இழுத்து மூடிக்கொண்டு ஒரு நாளை ஓட்டியிருக்கிறாள். இவளைப் போய்ப் பயமே இல்லாதவள் என்று கம்பெனியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இப்ப பாத்தியே, நேத்து பட்டது ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டாள்.

நான் மறுபடியும் அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். குதிகாலிலிருந்து தொடங்கி, விரலால் தடவித் தடவி, அவள் சேற்றில் இறால் தேடுகிற அவ்வளவு பொறுமையாகப் பார்த்தேன். பிறகு இடது காலையும் பார்த்தேன்.

"நேத்து பட்டதும் இல்ல, இன்னிக்கி பட்டதும் இல்லமே" என்றேன்.

விரல் எடுத்த அன்றைக்குக்கூட அழாதவள், என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். அன்று நான் ஷிஃப்டுக்குப் போகவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அவள் சொன்னாள்:

"இனிமே தெனம் என் கால நீயே பாரு. நீ ஊட்ல இல்லாத நாள்ல நான் ஏரில எறங்கமாட்டேன்."