புதுத் தொப்பி

பிரிக்பீல்ட்ஸில் பழைய ஃபெல்ட் தொப்பிகளை வெட்டிப் பூச்செய்து தரும் தையற்காரர் ஒருவர் இருந்தார். கான்வென்ட்டில் மல்லிகை வைக்க விடமாட்டார்கள் என்பதால், மகளின் ஜடையில் குத்த ஒரு பூ வேண்டி, என் பழைய தொப்பியை மாட்டிக்கொண்டே அவரிடம் போனேன். வாசலில் என்னைக் கண்டதும் அவர் விருட்டென்று எழுந்து, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, எதுக்குங்க இது? நான் ரயில்வேல கணக்கெழுதுற கிராணி" என்றேன்.

என் முகத்தை நிமிர்ந்து பார்த்து அசடு வழியச் சிரித்தார். "காப்பார் பக்கம் ரப்பர் தோட்டத்துல இருந்தேங்க. தொரை தொப்பி தெரிஞ்சாலே தலப்பா கைக்கு வந்துரணும். இப்பவும் தொப்பியப் பாத்தா கை தானாப் போவுது."

பிறகு என் தொப்பியை இதழ் இதழாக வெட்டினார். ஒவ்வோர் இதழின் விளிம்பையும் கீழுதட்டில் இழுத்துப் பார்ப்பார். பால் வெட்டிக் காய்த்துப்போன விரலுக்குப் பிசிறு தெரியாதாம். உதட்டில் உறுத்திய இடத்தைக் கத்தரி நுனியால் சீவிவிட்டு, சுற்றிலும் நெருக்கமாகக் காஜா தையல் போடுவார்.

"வெட்டுன தடம் தெரிஞ்சா அது பூ இல்லீங்க, தொப்பிதான்."

மறுவாரம் பூவை வாங்கப் போனேன். தலையில் புதுத் தொப்பி. அவர் கை தலைப்பாகைக்குப் போயிற்று. நான்தான் என்று சொல்லித் தடுக்க எனக்கு நேரமிருந்தது. கடைசிச் சுற்றும் அவிழும்வரை வாயைத் திறக்காமல் வாசலிலேயே நின்றேன்.

எனக்கு அது பிடித்திருந்தது.