பொங்கிய மாவும் சாந்தாமணியின் செய்தியும்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று டெக்சாஸின் பிளானோ ஊரில் இட்லி மாவு என்றால் சுப்பையன் மாவுதான். நியூஜெர்சியில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவி ஆரம்பித்த கை இது. இப்போது டாக்டர்களும் என்ஜினியர்களும் என் கடையில் வரிசையில் நிற்கிறார்கள். பெருமைக்காகச் சொல்கிறானோ என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் இங்குள்ள தமிழ்ச் சங்கத்து மலருக்கு யாரைப் பற்றியாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, என் நினைவுக்கு வந்தது நான் இல்லை. என்னை விடப் பிடிவாதக்காரியான சாந்தாமணிதான்.

சாந்தாமணிக்குப் பொள்ளாச்சிப் பக்கம். கணவரோடு இங்கே வந்தபோது, வேலை பார்க்க அவருடைய விசாவில் இடமில்லை. மாலையில் கணவர் வீடு திரும்பியதும் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு, நகராட்சிக் கூட்டத்தில் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வார். எந்த ரோட்டைத் தோண்டப் போகிறார்கள், எந்தப் பூங்காவில் கிரிக்கெட்டுக்கு இடம் விடுகிறார்கள் என்று கேட்டு வந்து, எழுதி, தெரிந்தவர்களுக்கு அனுப்புவார். அதுவே வளர்ந்து 'நாலு தெரு' என்ற இணையச் செய்தித்தளம் ஆகிவிட்டது. அதற்குப் பின்னால் கட்சி கிடையாது, கம்பெனி கிடையாது. வாசகர்களின் சந்தாவும் கடைக்காரர்களின் விளம்பரமும்தான். முதல் விளம்பரம் கொடுத்தவன் யார்? அடியேன்தான்.

போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, என் போனுக்கு ஒரு படம் வந்தது. என் கடை மாவு டப்பா, மூடி தெறித்து, மாவு நுரைநுரையாக வழிந்து கிடக்கிறது. கீழே எழுதியிருந்தது: 'சுப்பையன் மாவில் கெமிக்கல். இரண்டு குழந்தைகள் ஐ.சி.யு.வில். எல்லா குரூப்புக்கும் அனுப்பவும்.'

அனுப்பினார்கள். நம் ஆட்கள் இதில் மட்டும் சோம்பல் படமாட்டார்கள். திங்கட்கிழமை கடையில் ஈ ஓட்டினேன். பத்து வருஷமாக வருகிற ஒரு அம்மா டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, என் கண்ணெதிரே திரும்ப வைத்துவிட்டுப் போனார். பாத்திரம் கழுவிய காலத்தில்கூட என் மூஞ்சியை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் சம்பாதித்த பெயர் ஒரே நாளில் போகிறதே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. சாந்தாமணிக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, உடனே போடு. அது பொய்யின்னு பெருசா போடு."

"பொய்யின்னு எனக்கு இன்னும் தெரியாதுங்களே அங்கிள்."

"நான் சொல்றேன்ல?"

"நீங்க சொல்லாம யாருங்க சொல்லுவாங்க? உங்க மாவாச்சே."

போனை வைத்துவிட்டேன். இவளுக்குப் போய் விளம்பரம் கொடுத்தோமே என்று திட்டினேன். மறுநாளே கடைக்கு வந்து நின்றார். மாவு அரைக்கிற இடத்தைக் காட்டச் சொன்னார். எனக்கென்ன பயம்? கிரைண்டர், ஊறப்போட்ட உளுந்து, அரிசி மூட்டை என்று எல்லாவற்றையும் காட்டினேன். கடைசியில் தன் பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்து, கடைக்குள் இருக்கும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். நாற்பத்தொரு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டியது, நாற்பத்தாறு காட்டியது. அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் வேலை. அந்தப் படத்தை அனுப்பிய ஒவ்வொருவரிடமும் 'உங்களுக்கு யார் அனுப்பினாங்க?' என்று கேட்டுக் கேட்டு, வந்த வழியே பின்னாலேயே நடந்திருக்கிறார். கடைசியில் போய் நின்றது சபரி என்கிற ஐ.டி. பையன் வீட்டு வாசலில். அவன் ஆடிப்போய்விட்டான்.

"சும்மா ஜோக்குக்குத்தான் போட்டேன் ஆன்ட்டி! காலைல மாவு வாங்கி டிக்கியில வச்சோம். அப்படியே தமிழ் ஸ்கூல், அப்புறம் அங்கயே பாட்லக் விருந்து. சாயங்காலம் திறந்தா கார் ஃபுல்லா மாவு. 'சுப்பையன் பாம்'னு எங்க அபார்ட்மென்ட் குரூப்ல போட்டேன். கெமிக்கல், ஐ.சி.யு.லாம் நான் எழுதல, ப்ராமிஸ்!"

கெமிக்கல் ஒரு குரூப்பில் சேர்ந்திருக்கிறது, ஐ.சி.யு. இன்னொரு குரூப்பில். அந்த ஐ.சி.யு. குழந்தைகளையும் சாந்தாமணி விடாமல் தேடினார். கிடைத்தது ஒரே ஒரு குழந்தை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கையில் கட்டு. அவன் இட்லியே சாப்பிடுவதில்லையாம்.

அதோடும் நிறுத்தவில்லை. என் மாவில் ஒரு டப்பா, தன் வீட்டில் அரைத்த மாவில் ஒரு டப்பா, இரண்டையும் தன் கார் டிக்கியில் வைத்து டெக்சாஸ் வெயிலில் நிறுத்திவிட்டார். சாயங்காலத்துக்குள் இரண்டும் வெடித்தன. அந்த டிக்கியில் இன்னமும் புளித்த வாடை அடிக்கிறது என்று அவர் கணவர் என்னிடம் புலம்புகிறார்.

செய்தி போடுவதற்கு முன் எனக்குப் போன் வந்தது.

"ஃப்ரிட்ஜ் பத்தி உங்க பதில் என்னங்க அங்கிள்? அதையும் போடோணும்."

"மாவுல ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சு போச்சுல்ல? அப்புறம் ஃப்ரிட்ஜை ஏம்மா இழுக்கற? எழுதினா விளம்பரத்தை எடுத்துருவேன், ஆமா!"

"அதை நானே நேத்து எடுத்துட்டனுங்க. உங்களைப் பத்தின செய்திக்குப் பக்கத்துல உங்க விளம்பரம் இருந்தா யாருங்க நம்புவாங்க?"

"சரி, அந்தப் பய பேரையாவது போட்டுக் கிழி."

"என்ன நடந்ததுன்னு ஊருக்குத் தெரிஞ்சாப் போதுமுங்க. பேரு எதுக்கு?"

பக்கத்தில் நின்ற என் மனைவி ராஜலக்ஷ்மி போனைப் பிடுங்கினாள். "எழுதும்மா நீ. ஃப்ரிட்ஜ் கதவு சரியா மூடலன்னு நான் மே மாசத்துலேர்ந்து கத்தறேன். பேப்பர்ல வந்தாத்தான் இவர் காதுல விழும்!"

அன்றே ஆளைக் கூப்பிட்டுக் கதவு ரப்பரை மாற்றினேன். அதுதான் என் பதில் என்று சொன்னேன், அப்படியே போட்டார். தலைப்பு இதுதான்: 'பொங்கிய மாவில் கெமிக்கல் இல்லை, கடை ஃப்ரிட்ஜில் போதிய குளிரும் இல்லை.' படித்ததும் நம் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கடைக்குள் மறுபடி வரிசை. மாவை மோந்து பார்த்துவிட்டுப் போன அதே அம்மா முதல் ஆளாக நின்றார்.

"ஃப்ரிட்ஜ் ரப்பர் மாத்திட்டீங்களா அங்கிள்?"

"மாத்தியாச்சும்மா. நம்பிக்கை வந்துச்சா?"

"உங்க ஃப்ரிட்ஜையே விடல அந்தப் பொண்ணு. அப்படிப்பட்டவ உங்களுக்காக மாவைப் பத்திப் பொய் எழுதுவாளா? ரெண்டு டப்பா குடுங்க."

அந்தச் செய்தியைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, பில் போடும் இடத்துக்கு மேலே மாட்டியிருக்கிறேன். ஃப்ரிட்ஜ் பகுதியை வெட்டிவிடலாமே என்று கடைப் பையன்கள் சொன்னார்கள். ஒரு எழுத்தைத் தொட்டால் கையை உடைப்பேன் என்றேன். சபரியும் தானே வந்து ஒப்புக்கொண்டு, இப்போது ஐஸ் பெட்டியோடு மாவு வாங்க வருகிறான். இந்த மலரில் அவன் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்கோங்க அங்கிள், நானும் ஃபேமஸ் ஆகறேன்" என்றான்.

சென்ற வாரம் சாந்தாமணி மாவு வாங்க வந்தார். டப்பாவை எடுக்கும் முன் ஃப்ரிட்ஜுக்குள் நான் தொங்கவிட்டிருக்கும் தெர்மாமீட்டரைக் குனிந்து பார்த்தார்.

"முப்பத்தெட்டு. பரவாயில்லீங்க."

"இப்பவாவது விளம்பரம் போடலாமாம்மா?"

"பொங்கல் வரைக்கும் வேண்டாமுங்க அங்கிள். சந்தா வேணா கட்டுங்க, அதுக்கு ஒண்ணும் தடையில்லீங்க."

அங்கேயே நின்று கட்டினேன். ராஜலக்ஷ்மி பேரிலும் ஒன்று.