அப்பாவைப் பங்குபோட வந்தவர்

அப்பா குடித்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு யார்மேலும் பொறாமை இருந்ததில்லை. அவர் குடியை நிறுத்திய பிறகுதான் வந்தது. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் நடந்தது அதுதான்.

அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால் நேராகக் கடை, பிறகுதான் குவார்ட்டர்ஸ். அதை நிறுத்த அம்மா வேண்டாத சாமி இல்லை. கடைசியில் வழி கிடைத்தது காய்கறி மார்க்கெட்டில். அப்பாவோடு சேர்ந்து குடித்த ஒருவர் சில மாதங்களாகத் தெளிவாக நடமாடுவதை அம்மா கவனித்திருந்தாள். முருங்கைக்காய் பொறுக்கும் சாக்கில் அவர் மனைவியின் பக்கத்தில் போய் நின்று, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"உங்க வூட்டுக்காரரு எப்படிங்க நிறுத்துனாரு?"

"ஞாயித்துக்கெழம சாயந்தரம் சர்ச்சு பக்கத்து ஹால்ல கூட்டம் போடுறாங்க. எல்லாம் குடிச்சிக்கினு இருந்தவங்கதான். ஊரு, வேல ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சும்மா அனுப்பி வைங்க."

அனுப்பினால் போகிற ஆளா அப்பா? முதல் சில வாரங்கள் அம்மாவே கூடப் போய், அவர் உள்ளே நுழைவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். பிறகு அவராகவே போக ஆரம்பித்தார். குடியும் நின்றது.

ஒரு ஞாயிறு குடும்பத்தாரும் வரலாம் என்றார்கள். நானும் அம்மாவும் போனோம். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதர் அங்கே எழுந்து நின்று பேசினார், சிரித்தார். நடுவில் என் பேச்சும் வந்தது.

"நான் வர்ற சத்தம் கேட்டாலே எம்பொண்ணு தூங்குற மாரி கண்ண மூடிக்கும். எனக்குத் தெரியும். தெரியாத மாரி போயிடுவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் நடிப்பு அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அதை என்னிடம் சொல்லாமல், டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்த ஊர்பேர் தெரியாதவர்களிடம் போய்ச் சொல்கிறாரே என்று வயிறு எரிந்தது.

அப்புறம்தான் கூட்டத்துக்குப் புதிதாக ஒரு அண்ணன் வந்தார். வளையமாதேவிப் பக்கத்து ஆள், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. புதிதாக வருகிறவருக்குப் பழையவர் ஒருவர் துணையாக இருப்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். குடிக்கத் தோன்றினால் முதலில் துணைக்குப் போன் செய்ய வேண்டும். போன் வந்தால் துணை போட்டது போட்டபடி கிளம்ப வேண்டும். அந்த அண்ணனுக்குத் துணை எங்கள் அப்பா. தினமும் வாசலில் உலாத்திக்கொண்டே போனில் கொஞ்சுவார். "சாப்டியா தம்பி? நேத்து தூங்குனியா?" நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று அவர் கேட்டு நான் அறியேன். அந்த அண்ணனை எனக்குக் கண்ணில் கண்டாலே பிடிக்காது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

பொங்கலுக்கு எங்கள் பிளாக்கில் ஸ்லோ சைக்கிள் போட்டி வைத்தார்கள். காலை ஊன்றாமல் கடைசியாக வந்து சேருகிறவர்தான் ஜெயித்தவர். அந்த வாரம் முழுக்க அப்பா எனக்கு ரோட்டில் பழக்கினார். "பிரேக்க நம்பாத, இடுப்ப நம்பு" என்று பின்னாலேயே நடந்து வருவார். என் பள்ளி விழா ஒன்றுக்கும் வராத அப்பா போட்டிக்கு வருகிறேன் என்றார். வந்தும்விட்டார். கயிற்றுக்குப் பக்கத்திலேயே நின்றார். நான் ஜெயிப்பதை அவர் பார்க்க வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

விசில் ஊதினார்கள். பாதி தூரம் வரை நன்றாகத்தான் உருட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் அப்பா காதில் போன். அடுத்த நிமிடம் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார். எனக்குக் கால் தானாகத் தரையில் ஊன்றிக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பையன் ஜெயித்தான். எவர்சில்வர் தட்டு அவனுக்குப் போனது.

அப்பா சாயங்காலம்தான் வந்தார், அதுவும் அந்த அண்ணனோடு. அவர்தான் குடிக்கத் தோன்றிக் கடை வாசலில் நின்று போன் செய்தாராம். நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் அவரை உட்காரவைத்து அம்மா சோறு போட்டாள். அவருக்குக் கை நடுங்கியது. அப்பா டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க வைத்தார். "மெதுவா தம்பி, மெதுவா." எனக்குக் காய்ச்சல் வந்த நாளில்கூட அந்தக் கை என் பக்கம் வந்ததில்லை. பொறாமையில் எனக்கு அழுகை முட்டியது.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு அப்பா திரும்பியதும் பிடித்துக்கொண்டேன்.

"எனக்காக வந்துட்டு, அந்த அண்ணனுக்காக ஏம்பா போன?"

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார்.

"அவனுக்காக இல்ல பாப்பா. எனக்காகத்தான் போனேன். பொங்கலும் அதுவுமா காலையிலேர்ந்து எனக்கும் அதே நெனப்புதான். அவன நிறுத்தப் போனதுலதான் நானும் நின்னேன்."

பின்பாதி என் காதில் ஏறவே இல்லை. கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில் சமையலறைக்கு ஓடினேன்.

"அம்மா, அப்பா அந்த அண்ணனுக்காகப் போவலியாம். தனக்காகத்தான் போச்சாம். அதுவே ஒத்துக்கிச்சு!"

அம்மா கரண்டியை அப்படியே வைத்துவிட்டு, என்னை இழுத்து அணைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். போட்டியில் நான் தோற்றதற்கு வீட்டில் ஒருத்தியாவது அழுகிறாளே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.